சாம்பார் வந்த வழி



விடியற்காலையில் ஸ்ரீரங்கம் வீதிகளில் நடக்கிற பழக்கம் உள்ளவர்கள் அந்த வண்டியைப் பார்த்திருப்பார்கள். பழைய டிவிஎஸ் எக்ஸ்எல். கால் வைக்கும் இடத்தில் வாய் கட்டிய சாம்பார் டிரம். பின்னால் இரண்டு பக்கமும் தொங்கும் சட்னி வாளிகள். அதற்கும் மேலே வெள்ளைத் துணி போர்த்திய தட்டில் மெதுவடை. ஓட்டுகிறவர் ஹாரன் அடிப்பதில்லை. வண்டிச் சத்தம் கேட்டாலே கடைக்காரர் பாத்திரத்தோடு வாசலுக்கு வந்துவிடுகிறார். அளந்து ஊற்றிவிட்டு, சட்டைப் பையில் இருக்கும் சிட்டையில் ஒரு கோடு கிழித்துக்கொண்டு, அவர் அடுத்த கடைக்குப் போகிறார்.

எனக்கு இந்த ஊர் டிபன் கடைகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் வியாதி உண்டு. "சட்னின்னா அந்தக் கடை. அடுத்த கடைக்காரனுக்குக் கை வரல" என்று வெளியூர் நண்பர்களிடம் பல வருஷமாக அளந்துகொண்டிருந்தேன். ஒரு மார்கழிக் காலையில் அந்த வண்டியின் பின்னாலேயே நடக்க நேர்ந்தது. நான் தூக்கி வைத்துப் பேசிய கடையும், மட்டம் தட்டிய கடையும் ஒரே வாளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தன. என் நாக்கின் மேல் எனக்கிருந்த மரியாதை அன்றோடு போயிற்று.

வழக்கமாக டீ குடிக்கும் கடையில் கேட்டேன்.

"அண்ணே, வடை நீங்க போடறதில்லையா?"

"இங்க எங்க சார் எடம்? இருக்கறது ஒரு அடுப்பு, அதுல பால். வடை வருது."

"எங்கேர்ந்து?"

"வருது சார்."

இந்த மாதம் இந்தப் பக்கத்தை அந்த 'வருது' என்ற சொல்லுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு இடத்தில் சமைத்து நாலு இடத்தில் விற்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியும், தில்லை நகர் குறுக்குத் தெருக்களிலும், கல்லூரி விடுதிகளையும் மருத்துவமனைகளையும் நம்பிப் பிழைக்கிற சின்னக் கடைகளுக்கு வேறு வழியும் இல்லை. பத்துக்கு எட்டு அடி இடத்துக்கு வாடகை, சிலிண்டர் விலை, சரக்கு மாஸ்டருக்குச் சம்பளம் மூன்றையும் கூட்டிப் பார்த்தால், வடையை வாங்கி விற்பதே அவர்களுக்குக் கட்டும். பரோட்டாவுக்குச் சால்னா, பானிபூரிக்குப் பூரி, மெஸ்ஸுக்குச் சப்பாத்தி, பேக்கரிக்குப் பப்ஸ், ஷவர்மா கடைக்கு மசாலா தடவிய கோழி என்று எல்லாமே ஏதோ ஒரு பெரிய அடுப்பிலிருந்து கிளம்பி வருகின்றன. பெரிய ஓட்டல்களே தங்கள் அடுப்பில் கூடுதலாகச் சமைத்து மற்றவர்களுக்கு அனுப்புவதும் உண்டு. நாம் போர்டைப் பார்த்துச் சாப்பிடுகிறோம். சமைத்த அடுப்பு வேறு தெருவில் இருக்கிறது.

உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் ஓட்டலில் சோதனை நடத்தினார்கள் என்ற செய்தியும் படமும் உங்களுக்கு மனப்பாடமாகியிருக்கும். கையுறை போட்ட அதிகாரிகள், திறந்த ஃப்ரீசர், வெளியே கொட்டிய கோழிக்கறி, அதன் மேல் பினாயில். 'கெட்டுப்போன இறைச்சி இத்தனை கிலோ பறிமுதல்' என்று தலைப்பு. இருபத்தைந்து கிலோ என்றால் உள்ளூர்ப் பக்கம், இருநூறு கிலோ என்றால் முதல் பக்கம். நானும் பத்திரிகைக்காரன்தான், அந்தத் தராசுப் புத்தி எனக்கும் உண்டு. ஆனால் எந்த ஓட்டலுக்கு அத்தனை கிலோ தேவைப்படும் என்று யோசித்தால் கேள்வி வேறு பக்கம் திரும்புகிறது. இருபது மேஜை போட்ட கடையின் ஃப்ரீசரில் இருநூறு கிலோ இருந்தால், அது அந்த இருபது மேஜைக்கு மட்டும் வாங்கியதாக இருக்காது. இன்னும் எத்தனை கடைக்குப் போக வேண்டிய சரக்கு அது? நேற்று எத்தனை கடைக்குப் போனது? இதைச் செய்தியில் நான் அநேகமாகப் படித்ததே இல்லை.

படித்த ஒரு இடம் கேரளத்தின் களமசேரி. 2023 ஜனவரியில் கொச்சியை ஒட்டிய அந்த நகராட்சியின் சுகாதாரப் பிரிவினர் ஒரு வாடகை வீட்டுக்குள் நுழைந்தார்கள். உள்ளே சுமார் 500 கிலோ கெட்டுப்போன கோழி இறைச்சி. அங்கே யாரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, போர்டு இல்லை, கல்லாப்பெட்டி இல்லை. கொச்சி நகரத்து ஓட்டல்களுக்கு ஷவர்மா வகையறாவுக்கு இறைச்சி போய்க்கொண்டிருந்த இடம் அது. கோழியோடு சேர்த்து அதிகாரிகள் கையில் இன்னொன்றும் சிக்கியது: பில்கள். அந்தப் பில்களில் சுமார் ஐம்பது ஓட்டல்களின் பெயர்கள் இருந்தன. கிலோ கணக்கு மறுநாளே பழசாகிவிட்டது. ஊரைக் கலக்கியது அந்தப் பெயர்ப் பட்டியல்.

அந்த ஜனவரி மாதமே கேரளத்துக்குப் பொல்லாததாக இருந்தது. கோட்டயத்தில் ஓட்டல் உணவு சாப்பிட்ட ஒரு செவிலியர் இறந்துபோனார். வடக்குப் பறவூரில் ஒரே ஓட்டலில் சாப்பிட்டவர்கள் கூட்டம் கூட்டமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மாதம் முடிவதற்குள் அந்த அரசு ஒரு உத்தரவு போட்டது. பார்சல் உணவின் மேல் எப்போது தயாரித்தது, எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதிய சீட்டு ஒட்டியிருக்க வேண்டும், சீட்டு இல்லாத பார்சலுக்கு அனுமதி இல்லை. எனக்கு அந்தச் சீட்டு ரொம்பப் பிடித்துப்போனது. ஒரு பொட்டலத்துக்குப் பிறந்த நேரம் எழுதுவதில் செலவு என்ன ஆகிவிடும்?

நம் பக்கத்துக் கதையும் சொல்லும்படியாக இல்லை. 2021 செப்டம்பரில் ஆரணியில் ஓட்டல் உணவால் பத்து வயதுச் சிறுமி இறந்தாள். 2023 செப்டம்பரில், நமக்கு வடமேற்கே இருக்கிற நாமக்கல்லில், குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போய் ஷவர்மா சாப்பிட்ட பதினான்கு வயதுப் பெண்ணும் இறந்தாள். அந்த ஓட்டல் உணவால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் நாற்பதுக்கும் மேல். மாவட்டம் முழுக்க ஷவர்மாவுக்குத் தற்காலிகத் தடை வந்தது. திருச்சி உள்பட எல்லா ஊரிலும் சோதனை நடந்தது. பிறகு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு தடை போட்டது. ஒரு குழந்தை போனால் ஒரு பண்டத்துக்குத் தடை என்பது நம் வழக்கமாகிவிட்டது. பண்டம் மாறிக்கொண்டே இருக்கும். கோழியை எங்கே ஊறவைத்தார்கள், எத்தனை மணி நேரம் வண்டியில் வந்தது, யார் யாருக்குப் பிரிந்தது என்கிற பாதை மாறுவதில்லை.

சட்டத்தில் இதற்கு இடம் இல்லையோ என்று தேடிப் போனேன். இடம் இருப்பது மட்டுமில்லை, நம் டீக்கடைக்காரரின் 'வருது சார்' என்ற பதிலுக்கென்றே ஒரு வரி இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-இல் இயற்றியது, 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 27-ஆம் பிரிவு, விற்பவர் எதற்கெல்லாம் பொறுப்பு என்று சொல்கிறது. காலாவதியானதை விற்றால் பொறுப்பு, சுகாதாரமில்லாமல் வைத்திருந்தால் பொறுப்பு. அதோடு, யார் தயாரித்தார், யாரிடம் வாங்கினார் என்று அடையாளம் காட்ட முடியாத உணவை விற்றாலும் அவரே பொறுப்பு. வடை நன்றாகவே இருக்கலாம். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாவிட்டால் அந்த வடைக்கு அப்பா அம்மா அவர்தான்.

அதற்கு முந்தைய 26-ஆம் பிரிவு இன்னும் அழகானது. ஒரு உணவு வியாபாரி இன்னொரு வியாபாரிக்குச் சரக்குப் போட்டால், அதன் தன்மைக்கும் தரத்துக்கும் எழுத்தில் உத்தரவாதம் கொடுக்க வேண்டும். அதற்காக முத்திரைத்தாள் வாங்க ஓட வேண்டாம், விற்ற பில்லே உத்தரவாதமாகக் கொள்ளப்படும் என்று சட்டமே சொல்லிவிட்டது. ஆக, பில் என்பது பணக் கணக்கு மட்டுமில்லை. 'இதைச் சமைத்தது நான்' என்ற ஒப்புதல். 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து அந்தப் பில்லில், மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-இன் பதினான்கு இலக்க எண்ணும் இருக்க வேண்டும். எண் 1-இல் தொடங்கினால் உரிமம் பெற்றவர், 2-இல் தொடங்கினால் பதிவு மட்டும் செய்த சிறு வியாபாரி. உரிம நிபந்தனைகளிலேயே, உரிமமோ பதிவோ உள்ளவர்களிடம்தான் வாங்கவும் விற்கவும் வேண்டும், அதற்குக் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. உட்காரவைத்துப் பரிமாறுவதற்கு வாங்கிய உரிமத்தை மாட்டிக்கொண்டு ஊருக்கெல்லாம் சரக்குப் போடுவதும் சரியில்லை. விண்ணப்பத்தில் என்ன தொழில் என்று கேட்பது அதற்காகத்தான்.

சரி, இவ்வளவு எழுதி வைத்தும் எக்ஸ்எல் வண்டிக்காரர் கையில் ஏன் கோடு கிழித்த சிட்டை மட்டும் இருக்கிறது? பில் போட்டால் விற்பனை தெரியும், விற்பனை தெரிந்தால் வரி தெரியும் என்ற பயம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

அதைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் அப்பாவின் நினைவு நாளுக்கு காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் கொடுப்பதற்காக நூறு தயிர்சாதப் பொட்டலம் சொல்லியிருந்தேன். நல்ல பேர் உள்ள இடம், பேரைச் சொல்லப் போவதில்லை. சித்திரை மாத வெயில். பதினோரு மணிக்கு வந்த பொட்டலங்களில் ஒன்றைப் பிரித்தவர் முகத்தைச் சுளித்தார். படித்துறையில் உட்கார்ந்திருந்த பெரியவர் அவர். பசியோடு இருப்பவர், கொடுத்ததைக் குறை சொல்லக் கூச்சப்படுகிறவர், "புளிச்சுப்போச்சு தம்பி" என்று மட்டும் சொன்னார். மீதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். கல்லாவில் இருந்தவர் சங்கடப்பட்டார். "அன்னிக்கி நமக்குக் கல்யாண ஆர்டர் சார், வெளியில சொல்லி வாங்கினோம்" என்றார். யாரிடம் என்று கேட்டேன். ஒரு பேர் சொன்னார். அங்கே போனால் அவர்கள் சாதம் மட்டும்தான் வடித்ததாகவும், தயிர் வேறு இடத்திலிருந்து 'வந்ததாகவும்' சொன்னார்கள். பில் எங்கும் இல்லை. என்னிடமும் இல்லை. முன்பணம் கொடுத்தபோது அவர்கள் நீட்டிய துண்டுச் சீட்டைக்கூட, "நமக்குள்ள எதுக்கு?" என்று நான்தான் வேண்டாம் என்றேன். பெருந்தன்மை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அன்னதானம் கொடுப்பவர்களுக்கு ஒரு தகவல். 2011 விதிகளில் சிறு உணவுத் தயாரிப்பாளர் யார் என்று சொல்லும் இடத்தில், மதக் கூட்டங்களிலும் சமூக விழாக்களிலும் உணவு வழங்குபவரும் சேர்ந்தே வருகிறார். வருஷத்துக்கு நூறு ரூபாய்ப் பதிவு. தானத்துக்கும் பதிவா என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. எனக்கும் முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. படித்துறைப் பெரியவரின் முகம் ஞாபகம் வந்த பிறகு கோபம் வரவில்லை.

ஏன் சரக்குப் போடும் சமையற்கட்டுக்கு மட்டும் இத்தனை கெடுபிடி வேண்டும் என்று கேட்கலாம். வீட்டிலும்தான் சாதம் மீறுகிறது, மறுநாள் சாப்பிடுகிறோம். வித்தியாசம் அளவிலும் நேரத்திலும் இருக்கிறது. நாலு பேருக்கு வைத்த குழம்பு அரை மணியில் ஆறிவிடும். நூறு லிட்டர் அண்டாவில் மூடி போட்ட சால்னா ஆறுவதற்குப் பாதி நாள் ஆகும். 60 டிகிரிக்கு மேல் சுடச்சுட இருந்தாலும், 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தாலும் பெரும்பாலான கிருமிகளால் பெருக முடியாது. நடுவில் இருக்கும் வெதுவெதுப்புதான் அவற்றுக்குத் தாய்வீடு. பெரிய அண்டாவின் நடுப்பகுதி மணிக்கணக்கில் அந்த வெதுவெதுப்பிலேயே கிடக்கும். வேகவைத்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிநிலையையும் தாண்டி உயிரோடு இருக்கும். சாதம் ஆறும்போது முளைத்து நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. 'நல்லாச் சூடுபண்ணித்தான் சார் கொடுத்தோம்' என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. சூடு அங்கே உதவாது, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு சிக்கல். சில கிருமிகள் ஒரு மணியில் வாந்தியைக் கொடுக்கும், சால்மோனெல்லா ஆறு மணியிலிருந்து மூன்று நாள் வரை எடுத்துக்கொள்ளும். வயிறு கலங்கும்போது நாம் கடைசியாகச் சாப்பிட்ட கடையைத் திட்டுகிறோம். முந்தாநாள் சாப்பிட்ட சால்னா தப்பித்துவிடுகிறது. ஒரே அண்டாவிலிருந்து கருமண்டபத்தில் இரண்டு பேர், உறையூரில் மூன்று பேர், திருவானைக்கோவிலில் ஒருவர் என்று சிதறிப் படுத்தால், ஆறு தனித்தனி டாக்டர்களிடம் ஆறு தனித்தனி வயிற்றுவலி. சேர்த்துப் பார்க்க யாரிடமும் பட்டியல் இல்லை.

பட்டியல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் கொடுத்த விலை ஸ்காட்லாந்தில் இருக்கிறது. 1996 நவம்பர். கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் விஷா என்றொரு சின்ன ஊர். அங்கே ஒரு கசாப்புக் கடை, அந்த வருஷம் ஸ்காட்லாந்தின் சிறந்த கசாப்புக்காரர் என்று விருது வாங்கிய கடை. முகப்பைப் பார்த்தால் தெருமுனைக் கடை. பின்கட்டிலிருந்து எண்பதுக்கும் மேற்பட்ட கடைகளுக்குச் சமைத்த இறைச்சி போய்க்கொண்டிருந்தது. ஊர்ச் சர்ச்சில் முதியவர்களுக்கு நடந்த ஒரு மதிய விருந்துக்கும் அங்கிருந்துதான் இறைச்சி. ஈ.கோலை ஓ157 என்ற கிருமி. சுமார் ஐந்நூறு பேர் பாதிக்கப்பட்டார்கள், இருபது பேர் அளவில் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். பச்சை இறைச்சியும் சமைத்த இறைச்சியும் ஒரே இடத்தில், ஒரே கைகளில் புழங்கியதுதான் வினை. அந்தக் கடையின் சரக்கு எங்கெங்கே போனது என்ற முழுப் பட்டியல் அதிகாரிகளுக்கு ஒரே மூச்சில் கிடைக்கவில்லை, துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. துண்டுகள் சேர்வதற்குள் சாப்பாட்டு மேஜைகளுக்குச் சரக்கு போய்ச் சேர்ந்திருந்தது.

அபர்தீன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹியூ பென்னிங்டன் அதை விசாரித்து அறிக்கை கொடுத்தார். ஒன்பது வருஷம் கழித்து, 2005-இல், தெற்கு வேல்ஸில் பள்ளிக்கூடங்களுக்கு இறைச்சி போட்ட இன்னொரு கடையால் அதே கிருமி பரவியது, ஐந்து வயதுப் பையன் ஒருவன் இறந்தான். விசாரிக்க அழைத்தது மறுபடியும் அதே பென்னிங்டனை. இரண்டாவது தடவை அந்த மனிதருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. வேல்ஸில் 2013 முதல் ஒவ்வொரு உணவுக் கடை வாசலிலும் சுகாதார மதிப்பெண்ணை ஒட்டியே ஆக வேண்டும். நம் நாட்டிலும் மதிப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, விரும்பியவர்கள் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். விரும்பியவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

ஸ்காட்லாந்து வரை போவானேன், இங்கேயே கோயில் மதில் சுவருக்குள் ஒரு சமையற்கட்டு இருக்கிறதே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ரங்கநாதருக்குத் தளிகை தினம் தினம் புதிய மண்பானையில். நேற்றைய பானைக்கு இன்று வேலை இல்லை.  நோய்க்கிருமியைப் பற்றித் தெரியாத காலத்தில் ஏற்பட்ட ஆசாரத்தை இன்றைய அறிவியலாக்கிக் காட்டும் உரைகள் வாட்ஸ்அப்பில் ஏராளம், நான் அந்த வேலைக்கு வரவில்லை. எனக்குப் பிடித்தது வேறு. மடப்பள்ளியில் யார் சமைத்தார், எந்த வேளைக்கு, எது என்பது தெரியாமல் ஒரு பருக்கை சன்னிதிக்குப் போகாது. பெருமாளுக்கு எதுவும் சும்மா 'வருவதில்லை'. மதிலுக்கு வெளியே வந்ததும் நாம் அதை மறந்துவிடுகிறோம்.

மறந்துவிட்டோம் என்பதற்கு எண்ணெய் ஒரு சாட்சி. பெரிய ஓட்டலில் பொரித்துப் பொரித்துக் கறுத்த எண்ணெய் டின்னில் ஏறி, தள்ளுவண்டி வாணலிக்கு இறங்குகிற பழக்கம் உங்களுக்குப் புதிதில்லை. இதுவும் ஓட்டல் மற்ற கடைகளுக்குச் சரக்குப் போடுகிற கதைதான், பேர்தான் வேறு. காய்ச்சக் காய்ச்ச எண்ணெயில் சேரும் மொத்தப் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்ற விதி 2018 ஜூலையில் வந்தது. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் இடங்கள், மீந்த எண்ணெயை யாரிடம் கொடுத்தோம் என்று பதிவேடு வைக்க வேண்டும் என்பது 2019 மார்ச்சில் வந்தது. அந்த எண்ணெய் பயோடீசலாகப் போக வேண்டும். லாரிக்குப் போக வேண்டியது பஜ்ஜிக்குப் போனால் தெரியவா போகிறது என்ற தைரியம்தான் மிச்சம்.

அதிகாரிகளைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். பழைய ஆட்களுக்கு ஸ்ரீரங்கம் தனி நகராட்சியாக இருந்த நாள் ஞாபகம் இருக்கும், 1994-இல்தான் திருச்சி மாநகராட்சியோடு சேர்ந்தது. அன்றைக்கு 1954-ஆம் வருஷத்துக் கலப்படத் தடுப்புச் சட்டம். சானிட்டரி இன்ஸ்பெக்டர் தெருவுக்குள் நுழைந்தால் முதல் கடையிலிருந்து கடைசிக் கடை வரை சேதி பறக்கும், பாத்திரங்களுக்கு மூடி முளைக்கும். இன்று உணவுப் பாதுகாப்புத் துறை தனியாக இருக்கிறது, மாவட்டத்துக்கு ஒரு நியமன அலுவலர், அவருக்குக் கீழே வட்டாரத்துக்கு ஒருவர் என்று உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள். எடுத்த மாதிரியை நாலு பங்காக்க வேண்டும், ஒரு பங்கு பகுப்பாய்வாளருக்கு, அவர் பதினான்கு நாளில் அறிக்கை தர வேண்டும். குறை திருத்தக்கூடியது என்றால் மேம்பாட்டு அறிவிப்பு கொடுத்துக் குறைந்தது பதினான்கு நாள் அவகாசம் தர வேண்டும். கேட்காவிட்டால் உரிமம் இடைநிறுத்தம், அதற்கும் மேலே ரத்து. உடனடி ஆபத்து என்றால் அவசரத் தடைக்கு வழி இருக்கிறது. அசுத்தமாகச் சமைத்ததற்கு ஒரு லட்சம் வரை அபராதம். உயிர் போனால் ஏழு வருஷத்துக்குக் குறையாத சிறை, ஆயுள் வரை போகலாம். சட்டத்துக்குப் பல் இருக்கிறது.

அவசரப்பட்டுக் கடித்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2018 நவம்பரில் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில் ராஜஸ்தானிலிருந்து வந்த இரண்டாயிரம் கிலோவுக்கு மேற்பட்ட இறைச்சியைப் பிடித்தார்கள். வால் நீளமாக இருக்கிறது, நாய்க்கறி என்று ஊரெல்லாம் பேச்சு. பிரியாணிக் கடைகளில் ஈ ஓட்டினார்கள். கால்நடை மருத்துவக் கல்லூரிப் பரிசோதனை முடிவு வந்தபோது அது ஆட்டிறைச்சி. அதற்குள் செத்த வியாபாரத்துக்கு யாரும் கருமாதி செய்யவில்லை. சரக்குப் போடும் இடத்தின் மேல் வதந்தி விழுந்தால் அது ஒரு கடையோடு நிற்காது. அங்கே வாங்கும் இருபது ஏழைக் கடைகளின் மேலும் விழும். மாவரைத்துப் பாக்கெட் போடும் மகளிர் குழுவின் மேலும் விழும். ஆகவே பேரைச் சொல்லுங்கள், ஆனால் அறிக்கை வந்த பிறகு சொல்லுங்கள் என்பேன்.

என் ஆசை பெரிதில்லை. சரக்குப் போடும் ஒரு சமையற்கட்டை மூடும்போது, அதன் பில் புத்தகத்தையோ சிட்டையையோ முதல் வேலையாகக் கைப்பற்றி, அதில் உள்ள ஒவ்வொரு கடைக்கும் அன்றைக்கே சேதி போக வேண்டும். 'இன்று காலை நீங்கள் வாங்கியதை விற்காதீர்கள்.' செய்திக் குறிப்பில் கிலோவுக்குப் பக்கத்தில் கடைகளின் எண்ணிக்கையும் வர வேண்டும். எங்கள் நிருபர்களிடம் இந்த மாதத்திலிருந்து அதைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். பதில் கிடைக்காவிட்டால், கேட்டோம், கிடைக்கவில்லை என்றே அச்சிடுவோம். நீங்களும் சும்மா இருக்க வேண்டாம். புகார் சொல்லத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. சந்தேகப்பட்ட உணவை நீங்களே கட்டணம் கட்டிப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கவும் சட்டத்தின் 40-ஆம் பிரிவு இடம் தருகிறது. அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் ஒன்று தஞ்சாவூரிலேயே இருக்கிறது.

இதை எழுதி முடிப்பதற்கு முன் மறுபடி அந்த டீக்கடைக்குப் போனேன். பிரிவு எண்ணெல்லாம் சொல்லிப் பயமுறுத்தவில்லை. "அண்ணே, வடைக்காரர்கிட்ட ஒரு பில் கேட்டு வாங்கி வைங்களேன், நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா உங்களுக்குத்தான் நல்லது" என்றேன். அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். பிறகு கல்லாவைத் திறந்து, ரப்பர் பேண்டு போட்ட ஒரு கற்றையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"கேக்காம இருப்பனா சார்? தெனம் வாங்கறேன்."

பிரித்துப் பார்த்தேன். எல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம். தேதி இருந்தது. 'மெ.வ. 60', 'சட்னி 2' என்று கணக்கு இருந்தது. பேர் இல்லை, தெரு இல்லை, எண் இல்லை. ஒரே ஒரு தாளின் மேல் மூலையில் மட்டும் யாரோ பிள்ளையார் சுழி போட்டிருந்தார்கள்.


ஆசிரியர்